அப்பாவுக்கு ஒரு பயோடேட்டா

சென்ற வாரப் பகுதியைப் படித்துவிட்டு அம்மா போன் செய்தாள்.

"எங்களப் பத்தியே எழுதறியே, ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"ஆமா, சொல்லுவேன். சரி, எழுதறதுதான் எழுதற, உங்கப்பா இன்டர்வியூ போன கதய எழுது. அதுல நான் இல்ல."

எழுதுகிறேன். ஆனால் அதிலும் அம்மா இருக்கிறாள். கொஞ்சம் தள்ளி வருவாள்.

பிரம்பு நாற்காலி

திருவண்ணாமலையில், செங்கம் சாலையிலிருந்து ஆசிரமத்தின் பின்பக்கமாகப் பிரியும் சந்து ஒன்றில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். அதன் வராந்தாவில் அப்பா ஒரு பிரம்பு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சாய்ந்து உட்கார்ந்தால் தனிக் கட்டணம் உண்டோ என்று சந்தேகப்படுகிறவரைப் போல இருந்தது. சித்தப்பா கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தார். அவர் அசையும்போதெல்லாம் அந்துருண்டை வாசனை வந்தது.

எதிரே மைதிலி மேடம். கெஸ்ட் ஹவுஸின் சொந்தக்காரர். பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். மன அமைதி வேண்டும் என்று எங்கள் ஊருக்கு வந்தார். அமைதி கிடைத்துவிட்டது. இன்டர்வியூ செய்யத்தான் ஆள் கிடைக்கவில்லை. 'காவலாளி தேவை' என்று கேட்டில் அட்டை மாட்டியதும் முதலில் வந்து நின்றவர் அப்பா.

நான் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தேன். அப்பாவின் பயோடேட்டாவைத் தயாரித்தவள் நான். சந்தேகம் வந்தால் விளக்குவதற்காக என்னைக் கூட்டி வந்திருந்தார்.

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார் மேடம்.

"எங்கயும் இல்லீங்க."

"இவ்வளவு வருஷமாவா?"

"எங்க நெலத்துலதாங்க."

"அதை ஏன் விட்டுட்டீங்க?"

அப்பா யோசித்தார். "உடலீங்க. அது அங்கியேதான் இருக்குது."

மேடம் அதைக் குறித்துக்கொண்டார்.

"உங்க பலம்னு எதைச் சொல்வீங்க?"

"மூட்ட தூக்குவேங்க."

"பலவீனம்?"

"தூக்குனா ரெண்டு நாளைக்கு இடுப்பு புடிச்சிக்கும்."

அப்போது வெள்ளைக்காரர் ஒருவர் யோகா பாயைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனார். அப்பாவைப் பார்த்துக் கைகூப்பினார். அப்பா சட்டென்று எழுந்து நின்றார். அவர்தான் முதலாளி என்று நினைத்துவிட்டார்.

அப்பா மறுபடி உட்காருவதற்குள், அவர் எப்படி அந்த நாற்காலிக்கு வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

யாரும் படிக்கவில்லை என்பதற்குச் சான்று

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. நெல் போடுவோம். தண்ணீர் கம்மியானால் மல்லாட்டை போடுவோம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர்.

பிளஸ் டூவில் சுமாருக்குக் கொஞ்சம் மேலே மார்க் வந்தது. இன்ஜினியரிங் படிக்கப் போகிறேன் என்றேன். வீட்டில் யாரும் மறுக்கவில்லை. எதை மறுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்தக் கல்லூரிகள் வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். கல்லூரிகளில் பாதிக்குச் சாமி பெயர். மீதிக்கு நிறுவனரின் அம்மா பெயர். அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில், "நல்ல சாமியா பாத்துப் போடு" என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த வழிகாட்டல். சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. நிறுவனரின் அம்மா பெயர்தான்.

அடுத்து முதல் பட்டதாரிச் சான்றிதழ். குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் கல்விக் கட்டணத்தில் அரசாங்கம் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யும். அப்பாவுக்கு அதை விளக்கினேன்.

"நம்ம வூட்ல யாரும் படிக்கலன்றதுக்கு சர்டிபிகேட் குடுக்கறாங்களா?"

"ஆமாப்பா."

"அதுக்கு ஃபீஸ் கம்மியாவுமா?"

"ஆமா."

"அப்ப நாங்க படிக்காம இருந்தது நல்லதாப் போச்சு."

கிராம நிர்வாக அலுவலகத்தில் வரிசையாக விசாரித்தார்கள். தாத்தா? மாடு மேய்த்தார். பெரியப்பா? செங்கல் சூளை. சித்தப்பா விஷயத்தில் மட்டும் சிக்கல். அவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். அது பட்டமா இல்லையா என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்தது.  கடைசியில், அது பட்டம் ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு உயிர் வந்தது. கூட வந்திருந்த சித்தப்பாவுக்குத்தான் முகம் விழுந்துவிட்டது. ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மாதத்துக்கு ஒன்றும் வராது

தள்ளுபடி போக மீதிக் கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இருந்தன. வங்கிக்குப் போனோம். மேனேஜர் வேறு மாவட்டத்து இளைஞர். நல்லவர். எங்களை உட்காரச் சொல்லி மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார்.

"மாச வருமானம் எவ்ளோங்க?"

"மாசத்துக்கா?" என்றார் அப்பா. "மாசத்துக்கு ஒண்ணும் வராதுங்க. மல்லாட்ட புடுங்கனா வரும்."

"அது எப்ப?"

"மழயப் பொறுத்து."

மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதுல மாசம்னுதாங்க இருக்கு. மழைன்னு போட எடமில்ல. வீட்டுல மாசச் சம்பளம் வாங்கறவங்க யாராவது இருந்தா சீக்கிரம் முடிஞ்சிடும்."

 திரும்பும் பஸ்ஸில், ஊர் நெருங்கும்போது அப்பா சொன்னார்: "மாசச் சம்பளம் வாங்கறவங்க யாராவது இருக்கணும்னுதான சொன்னாரு? நான் வாங்கறேன்."

வீட்டில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரு குடுப்பாங்க, வேல?"

"கேட்டாத்தான தெரியும்?"

"நெலத்த யாரு பாக்கறது?"

"நீதான்."

அம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அரிசி களைந்த தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றப் போனாள். போனவள் திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆனது.

வரப்பு வெட்டுதல்

நான் முதன்முதலில் தயாரித்த பயோடேட்டா அதுதான். பிரௌசிங் சென்டரில் மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். அதில் கட்டங்களை நிரப்பினால் போதும்.

பெயர் ஏழுமலை. கல்வி எட்டாம் வகுப்பு என்று அடித்தேன்.

"ஒம்பதாவது ஒரு மாசம் போனேன். அதயும் போடு" என்றார் அப்பா.

போட்டேன். முந்தைய முதலாளி யார் என்று ஒரு கட்டம்.

"எங்கப்பா பேரப் போடு."

"தாத்தா முதலாளியாப்பா?"

"திட்டுவாரு. சம்பளம் தரல. மத்தபடி முதலாளிதான்."

தெரிந்த மொழிகள்: தமிழ். தெலுங்கு கொஞ்சம், மாட்டு வியாபாரிகளோடு பேசும் அளவுக்கு. அடுத்தது பொழுதுபோக்கு.

"பொழுதுபோக்குன்னா?"

"சும்மா இருக்கறப்ப இன்னா செய்வ?"

அப்பா நீண்ட நேரம் யோசித்தார். பக்கத்துக் கம்ப்யூட்டரில் சினிமா டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர் கூட விடைக்காகக் காத்திருந்தார்.

"வரப்பு வெட்டுவேன்" என்றார் அப்பா.

மறுபடியும் வராந்தா

வெள்ளைக்காரர் போனதும் அப்பா நாற்காலியின் அதே நுனிக்குத் திரும்பினார். மேடம் அடுத்த கேள்விக்கு வந்திருந்தார். பெங்களூரில் இதை நிறையப் பேரிடம் கேட்டிருப்பார் என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"இன்னும் அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்கறீங்க?"

அப்பா திரும்பி கேட்டைப் பார்த்தார். "தோ, அங்க."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "இந்தக் கேள்விக்கு நேரா பதில் சொன்ன முதல் ஆள் நீங்கதான்" என்றார். "உங்களுக்கு எங்கிட்ட ஏதாவது கேக்கணுமா?"

"சம்பளம் மாசா மாசம் வருமாங்க?"

"வரும்."

"அப்டின்னு எழுதிக் குடுப்பீங்களா? பாங்க்ல காட்டணும். பொண்ணு படிக்குது."

மேடம் அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார். என்ன படிக்கப் போகிறேன், எங்கே என்று கேட்டார். பிறகு பயோடேட்டாவைத் தூக்கிக் காட்டினார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா மேடம்."

"பொழுதுபோக்கு, வரப்பு வெட்டுதல்?"

"அவரு சொன்னாரு மேடம்."

"நல்லா இருக்கு" என்றார். அவர் சிரித்திருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. உள்ளே போய், கெஸ்ட் ஹவுஸ் பெயர் அச்சிட்ட தாளில் வேலை உத்தரவை அடித்து எடுத்து வந்தார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கினார். படிக்கவில்லை. கசங்காமல் எப்படிக் கொண்டுபோவது என்பதே அவர் கவலையாக இருந்தது. கடைசியில் சட்டைக்குள், வயிற்றோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

முதல் சம்பளச் சீட்டு வந்ததும் வங்கிக்குக் கொண்டுபோனோம். இன்னும் பல நடை நடந்த பிறகு கடன் கிடைத்தது. நான் கல்லூரிக்குப் போனேன்.

சுடு தண்ணி காலைல மட்டும்

அப்பாவுக்கு நீல யூனிஃபார்மும் அங்கேயே தங்க ஒரு அறையும் கொடுத்தார்கள். வாழ்க்கையில் பேன்ட் போட்டதில்லை. முதல் மாதம் முழுக்கக் காற்று வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கெஸ்ட் ஹவுஸுக்கு வருகிறவர்கள் பல நாட்டுக்காரர்கள். அப்பாவுக்கு நான்கு வாக்கியம் ஆங்கிலம் போதுமாக இருந்தது. அதில் முக்கியமானது, சுடு தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும் என்பது. யார் எதைக் கேட்டாலும் அப்பா முதலில் அதைச் சொல்லிவிடுவார். பாதிப் பேருக்கு அதுதான் கேள்வியாக இருந்ததால் பிழைத்தார்.

ஒரு பெண்மணி வந்து நாள்கணக்கில் தங்கினார். எதுவானாலும் சிலேட்டில் எழுதிக் காட்டுவார். பாவம், பிறவியிலேயே பேச்சு வராது போலிருக்கிறது என்று அப்பா அவருக்கு மட்டும் தனி அக்கறையாகப் பூ பறித்துக் கொடுப்பார். ஒருநாள் காலை அவர் மௌன விரதம் முடிந்து, "குட் மார்னிங்" என்றார். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அப்பா கையில் இருந்த குழாயை விட்டுவிட்டார். வராந்தா முழுக்கத் தண்ணீர்.

இதையெல்லாம் ஹாஸ்டலில் இருந்து போனில் கேட்பேன். அப்பா சிரிக்காமல் சொல்வார். எனக்கு வீட்டு ஞாபகம் வராமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் சொல்கிறாரோ என்று நினைப்பேன். இப்போது யோசித்தால், பேச வேறு ஆள் இல்லாமல் சொல்லியிருக்கலாம்.

அம்மா வருகிறாள்

நிலத்தை அம்மா பார்த்துக்கொண்டாள். ஒரு போகம் மல்லாட்டை போட்டாள். அடுத்த போகம் பாதி நிலத்தில் சாமந்தி வைத்தாள்.

சாமந்தி வைக்கலாம் என்று அவள் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். பூவை நம்பி யாராவது நிலத்தை விடுவார்களா என்பார் அப்பா. பேச்சு அங்கே நின்றுவிடும். இப்போது பேச்சை நிறுத்த வீட்டில் ஆள் இல்லை.

கோயில் ஊர். பூவுக்கு எப்போதும் தேவை உண்டு. பௌர்ணமி கிரிவலம் என்றால் கேட்கவே வேண்டாம். விடியும் முன் பறித்து, கீழ்பென்னாத்தூரில் வேன் பிடித்துத் திருவண்ணாமலைப் பூ மார்க்கெட்டில் போடுவாள். விலை தெரியாமல் ஆரம்பத்தில் ஏமாந்தாள். நான் லீவில் வந்தபோது, பூ போடும் பெண்கள் எல்லாரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு அமைத்துக் கொடுத்தேன். முதலில் போகிறவர் அன்றைய விலையைக் குரலில் அனுப்புவார். மற்றவர்கள் அதற்குக் கீழே கொடுக்க மாட்டார்கள்.

அப்பா விடுமுறையில் வந்து பார்த்தார். நிலம் மஞ்சளாக இருந்தது. ஓரமாக நடந்து ஒரு பூவைக் கிள்ளி முகர்ந்தார்.

"இன்னா சொல்ற?" என்றாள் அம்மா.

"வரப்பு சரிஞ்சிருக்குது" என்றார். மண்வெட்டி எடுத்து வரப்பைச் சரி செய்துவிட்டுச் சாயங்காலம் வேலைக்குத் திரும்பினார்.

என் முறை

கடைசி வருடம். கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகள் என்னை எடுக்கவில்லை. பிறகு நானே விண்ணப்பிக்க ஆரம்பித்தேன். பதில் மின்னஞ்சல்கள் எல்லாம் எனக்கு நன்றி சொல்லித் தொடங்கும். நன்றி சொன்னால் வேலை இல்லை என்று பழகிவிட்டது.

படிப்பு முடிந்து ஊருக்கு வந்தேன். வங்கிக்குத் தவணை கட்டும் நாள் கண்ணுக்குத் தெரிந்தது. அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். "சாப்ட்டியா?" என்பார். அதை அவர் கேட்கும் விதத்தில், "ஏதாவது வந்துச்சா?" என்பதும் சேர்ந்தே இருக்கும்.

மைதிலி மேடம் ஒருநாள் என்னை வரச் சொல்லி என் பயோடேட்டாவை வாங்கிப் பார்த்தார். அதன் முதல் பத்தியில், சவாலான சூழலில் என் திறமையை நிறுவனத்தின் வளர்ச்சிக்கு அர்ப்பணிப்பேன் என்று இருந்தது. சீனியரிடமிருந்து எடுத்தது. சீனியர் அவருடைய சீனியரிடமிருந்து எடுத்திருந்தார்.

"இதுல நீ எங்க இருக்க, மலர்?" என்றார் மேடம்.

பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன்.

"உங்கப்பாவோடத அவ்ளோ நல்லா எழுதின. அதைப் படிச்சா ஒரு ஆள் தெரிஞ்சாரு. இதுல யாரும் தெரியல."

பூக்காரப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவை எழுதச் சொன்னார். அதெல்லாம் இன்ஜினியரிங்கா மேடம் என்றேன். நீ செய்தது அதுதானே என்றார். எழுதினேன். இரண்டு வாரத்தில், நன்றி என்று தொடங்காத ஒரு மின்னஞ்சல் வந்தது. சென்னையில் ஒரு கம்பெனி. வீடியோவில் இன்டர்வியூ. அவர்கள் குறித்த நாள் பௌர்ணமி.

பந்தல்

எங்கள் கிராமத்தில் சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டி மேல் ஏற வேண்டும். திருவண்ணாமலைக்குள் பௌர்ணமிக் கூட்டத்தில் போனே வேலை செய்யாது. கெஸ்ட் ஹவுஸில்தான் கேபிள் இன்டர்நெட் இருந்தது. முதல் நாளே போய்த் தங்கினேன்.

அந்த மாதம் காலையிலேயே பௌர்ணமி தொடங்கிவிட்டது. செங்கம் சாலை முழுக்க வெறுங்கால்கள். சந்தின் முனையில் ஒரு அன்னதானப் பந்தல். ராணிப்பேட்டைப் பக்கமிருந்து மாதாமாதம் வருகிற குழு. பந்தல்காரர் தாமோதரன் என்பவர் மைக்கை விடவே மாட்டார். பாட்டு ஓடும். பாட்டு நின்றால் அவர் பேசுவார்.

இன்டர்வியூ தொடங்கும் நேரம். ஜன்னலைச் சாத்தினேன், போர்வையைத் தொங்கவிட்டேன். பாட்டு அப்படியே கேட்டது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன்; கேட்டில் நின்ற அப்பா என் முகத்தைப் பார்த்தார். நேராகப் பந்தலை நோக்கி நடந்தார்.

திரையில் ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வந்தார்கள். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள், ஆங்கிலத்தில். நான் வாயைத் திறந்த அதே நொடி பாட்டு நின்றது. அதிசயமான அமைதி. மூன்று வாக்கியம் சொல்லியிருப்பேன். அப்போது ஒலிபெருக்கியில் தாமோதரன் குரல் சந்து அதிரக் கேட்டது.

"பக்த கோடிகளுக்கு ஒரு வேண்டுகோள்! பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்ல நம்ம வாட்ச்மேன் பொண்ணுக்கு இன்டர்வியூ நடந்துக்கினு இருக்குது! யாரும் சத்தம் போடாம வரிசையா வந்து பொங்கல் வாங்கிக்கவும்! பொண்ணுக்கு வேல கெடைக்கணும்னு எல்லாரும் வேண்டிக்கவும்!"

"அரோகரா!" என்று வரிசை முழுக்க ஒரே குரலாகச் சொன்னது. அதன்பிறகு நிஜமாகவே சத்தமில்லை.

திரையில் இருந்த பெண் தமிழ் தெரிந்தவர். கீழே குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. "இது உங்களுக்கா?" என்றார் தமிழில்.

"ஆமா மேடம்."

"சரி, சொல்லுங்க" என்றார். சொன்னேன். பூக்காரப் பெண்களைப் பற்றி அவர்களே கேட்டார்கள். தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னேன். முடிந்து வெளியே வந்தபோது அப்பா யூனிஃபார்மோடு பந்தலில் நின்று பொங்கல் பரிமாறிக்கொண்டிருந்தார். பாட்டை நிறுத்துவதற்கு அதுதான் ஒப்பந்தமாம். அவர்களிடம் பரிமாற ஆள் கம்மி.

அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை. நன்றி என்று தொடங்கும் மின்னஞ்சல் வந்தது.

எனக்கு அழுகை ஒரு நாளில் முடிந்துவிட்டது. அப்பாவுக்குத்தான் முடியவில்லை. அடுத்த பௌர்ணமிக்குத் தாமோதரன் முதல் வேலையாக கேட்டுக்கு வந்தார். "பொண்ணுக்கு வேல ஆச்சா?"

"இன்னும் இல்லீங்க."

"அரோகரா சொன்னமே!"

"சொன்னீங்க."

அதற்கடுத்த பௌர்ணமிக்கும் கேட்டார். வரிசையில் நிற்கிறவர்களில் மாதாமாதம் வருகிறவர்கள் சிலர், அவர்களும் கேட்டார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னார். ஒரு தடவைகூட என்னிடம் சலித்துக்கொள்ளவில்லை. நான் அந்த மாதங்களில் பௌர்ணமியன்று போனை எடுக்கமாட்டேன்.

யாரும் வேலையை விட்டு வரவில்லை

வேலை கிடைத்த விதத்தில் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையில் ஒரு சின்ன கம்பெனி. பரீட்சை வைத்தார்கள். எழுதினேன். கூப்பிட்டுப் பேசினார்கள். எடுத்துக்கொண்டார்கள். மின்னஞ்சல் வந்தபோது நான் அம்மாவோடு பூ பறித்துக்கொண்டிருந்தேன். அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, என் கையில் இருந்த போனை வாங்கி, புரியாத அந்த ஆங்கிலத்தைக் கடைசி வரிவரை பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி பறிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச நேரம் அவள் பறித்ததெல்லாம் மொட்டு.

அன்று சாயங்காலமே கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். மனதுக்குள் ஒரு காட்சி தயாராக இருந்தது.

"ப்பா, போதும். வேலய உட்டுட்டு வூட்டுக்கு வா. இனிமே நான் பாத்துக்கறேன்."

அப்பா குழாயை மூடினார். "நீ வேலைக்குச் சேரு. நான் எதுக்கு வேலய உடணும்?"

"எனக்காகத்தானப்பா வந்த?"

"வந்தது உனக்காகத்தான். இப்ப பழகிப்போச்சு. எனக்கு இந்த வேல புடிச்சிருக்குது."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன்.

"அவரு வாணாம், அங்கியே இருக்கட்டும்" என்றாள். "மாசத்துக்கு ரெண்டு தபா வராரு, வரப்பு வெட்டறாரு, போறாரு. நல்லா போவுது. முழுசா வந்தாருன்னா மறுபடியும் மல்லாட்டன்னுவாரு."

இப்படியாக, நான் காப்பாற்றுவதற்கு வீட்டில் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

நான் சேர வேண்டிய நாளுக்கு முதல் நாளும் பௌர்ணமி. அன்று பஸ்கள் ஊருக்குள் வராது. புறவழிச் சாலையோரம் தற்காலிகப் பஸ் நிலையம் போட்டிருந்தார்கள். தகரப் பந்தல், புழுதி, சுண்டல் வாசனை. அப்பாவுக்கு லீவு கிடைக்காது. போனிலேயே சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். சென்னை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபோது கூட்டத்தில் நீலச் சட்டை தெரிந்தது.

"மேடம்கிட்ட ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டேன்" என்றார் அப்பா, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. மூச்சு வாங்கியது. ஆட்டோ ஓடாததால் நடந்தே வந்திருந்தார்.

 டிரைவர் ஏறி ஹாரனை ஒரு முறை அழுத்திப் பார்த்தார்.

"மொத நாளு ஒரு மாதிரியா இருக்கும்" என்றார் அப்பா. "எனக்கு இன்னா ஆச்சு தெரியுமா? சேந்த அன்னிக்கு மேடம் உள்ளேருந்து 'ஏழுமலை சார், ஏழுமலை சார்'னு கூப்படறாங்க. நான் பாட்டுக்கு நிக்கறேன். வேற யாரயோ கூப்படறாங்கன்னு நெனச்சிக்கினேன். நம்மள யாரு பேரு சொல்லி கூப்ட்டிருக்காங்க? அதுவும் சாரு போட்டு?"

"அப்புறம்?"

"அப்புறம் 'மலர் அப்பா'ன்னாங்க. திரும்பிட்டேன்."

பஸ் உறுமியது. அப்பா கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"உன்ன அங்க யாரும் ஏழுமலை பொண்ணுன்னு கூப்பட மாட்டாங்க. பேரத்தான் சொல்லுவாங்க. ஒடனே திரும்பிடு" என்றார்.